சாவியை எடுத்துப் போகிறவள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்படியும் நடப்பதுண்டு.

குருவின் பெயர் பூங்கொடி. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அறுப்புக் காலம் வந்தால் அறுவடை மெஷினோடு மன்னார்குடிப் பக்கம் வந்து, வயல் வயலாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவாள். சீடர் பக்கிரிசாமி, உள்ளூர்க்காரர். பாதி ஆயுளை லாரி ஸ்டீயரிங்கின் பின்னால் கழித்தவர்.

அந்த லாரி வேலை போன விதம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. டீசலைத் திருடி விற்றார் என்று எவனோ போட்டுக்கொடுக்க, கம்பெனியில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அனுப்பிவிட்டார்கள். எடுத்தவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன, திரும்பக் கூப்பிடவா போகிறார்கள்? அன்றிலிருந்து யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே பக்கிரிசாமிக்குச் சுருக்கென்று தைக்கும்.

மெஷின் முதலாளியிடம் பேசி இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் மச்சினன் கலியமூர்த்தி. முதலாளி இரண்டாவது மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். பூங்கொடி சரி என்று சொன்னால் அது பக்கிரிசாமி கைக்கு வரும். வேண்டாம் என்றால் மறுபடியும் மகள் வீட்டுச் சோறுதான். மாப்பிள்ளை தங்கமான மனிதர், ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனாலும் அந்த வீட்டில் ஒவ்வொரு கவளமும் பக்கிரிசாமியின் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது.

வந்த முதல் நாளே அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார்.

நெல் சாய்ந்து கிடக்கும் இடத்தில் மெஷினின் முன்வாயில் வைக்கோல் அடைத்துக்கொள்ளும். பயிரை வாரி உள்ளே தள்ளும் உருளை நின்றுபோகும். அவர் பார்த்தவரை ஓட்டுகிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டே குதித்து, நாலு கை பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள். பூங்கொடி அப்படிச் செய்யவில்லை. உருளையை ஓடவிடும் லீவரைப் பின்னுக்குத் தள்ளினாள், இன்ஜினை நிறுத்தினாள், சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டாள். பைக்குப் பொத்தானையும் மாட்டிக்கொண்டுதான் இறங்கினாள்.

மேலே உட்கார்ந்திருந்தது பக்கிரிசாமி ஒருத்தர்தான். பிறகு யாருக்குப் பயந்து சாவி பைக்குள் போகிறது?

பழக்கமாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அடுத்ததும் வந்தது. வண்டியைக் கிளப்பும்போது பின்னால் ஆள் இல்லை என்று அவர் சொன்னால், பூங்கொடி மரியாதையாகத் தலையாட்டுவாள். தலையாட்டிவிட்டு, தானே இறங்கிப் போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவாள். அவர் கண் எதிரிலேயே. போதாக்குறைக்கு, காலையில் வந்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது டீசல் டேங்கின் மூடியை.

யாரோ இவள் காதில் போட்டுவிட்டார்கள். பக்கிரிசாமிக்கு அது உறுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் போனில் தணிந்து பேசினால் முதலாளியிடம் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். சிரித்தால் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். என் பழைய கம்பெனியைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாயா என்று ஒருநாள் போகிற போக்கில் கேட்டார். எந்தக் கம்பெனி என்று அவள் திருப்பிக் கேட்டாள். என்ன நடிப்பு என்று அவருக்கு வியப்பாகக்கூட இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் மெஷினைப் பார்த்ததைவிட அவள் சட்டைப் பையைப் பார்த்ததுதான் அதிகம்.

கடைசியில் டீக்கடையில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"இறங்குறப்பல்லாம் சாவிய ஏம்மா எடுத்துட்டுப் போற?"

பூங்கொடி டீயைக் குடித்து முடித்தாள்.

"நாளைக்கு உங்க மச்சினன் வயலுங்கண்ணா. முழுசா நீங்களே ஓட்டுங்க."

கேட்டதற்கு இது பதிலா? பக்கிரிசாமிக்குச் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. சொந்தக்காரன் வயலில் தன்னைத் தடுமாறவிட்டு, லாயக்கில்லை என்று சொல்லத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டினார்.

மறுநாள் வானம் மூட்டம் போட்டிருந்தது. கலியமூர்த்தி வரப்பில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பாதி வயல் அறுத்தாயிற்று, மீதி நனைந்தால் போச்சு. பக்கிரிசாமி நன்றாகத்தான் ஓட்டினார். அதைச் சொல்லத்தான் வேண்டும், திருப்பங்களில் கை அவ்வளவு பதமாக இருந்தது. தென்கிழக்கு மூலையில் நெல் சாய்ந்து கிடந்த இடத்தில் வைக்கோல் அடைத்தது. உருளை முனகிவிட்டு நின்றது.

அவர் இன்ஜினை நிறுத்தினார். சாவியைத் தொடவில்லை. தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"நான் மனுசங்கள நம்புறவன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பூங்கொடி மறுபக்கம் இறங்கி மெஷினின் பின்னால் போனாள். அவர் குனிந்தபோது மெஷினுக்கு அடியில் அவள் கால்கள் தெரிந்தன. நேராக டேங்க் இருக்கும் இடத்தில் போய் நின்றன.

பக்கிரிசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இங்கே சேற்றில் நின்று நான் வேலை செய்கிறேன், இவள் அங்கே டீசலைச் சோதிக்கிறாள். அந்தக் கோபத்தோடு வலது கையைத் தோள்வரை உருளைக்குள் விட்டு, முறுக்கிக்கொண்ட வைக்கோலைப் பிடித்து இழுத்தார்.

மேலே படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது.

சாவியை எடுக்கத்தான் ஏறுகிறாள் என்று நினைத்தார். எடுக்கட்டும். இன்று சாயங்காலம் இவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டியதுதான்.

சாவி டிக்கென்று திரும்பியது.

எடுக்கிற சத்தம் அப்படி இருக்காது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய காதுக்கு அது தெரியும். மறுபடி டிக். பக்கிரிசாமி பக்கவாட்டில் பார்த்தார். பூங்கொடியின் கால்கள் இன்னும் பின்னால்தான் நின்றன. அப்படியானால் மேலே யார்?

கையை உருவினார், சட்டைக்கை எதிலோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கத்த வாயைத் திறந்தார். மூன்றாவது டிக் கேட்டபோது முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தார். சட்டை கிழிந்தது. சேற்றில் மல்லாந்து விழுந்தார்.

உருளை அசையவே இல்லை.

ஓட்டும் சீட்டிலிருந்து கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர், சாவியைத் திருப்ப அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அக்கா புருஷன் சேற்றில் நின்று அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒத்தாசைக்கு ஏறிய முகம்.

"ஸ்டார்ட்டே ஆவல மாமா. கொஞ்சம் சுத்திவிட்டா ஒங்களுக்கு லேசா கழண்டுக்கும்னு பாத்தேன். மழ வேற வர்ற மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து பூங்கொடி வந்தாள். கையில் ஸ்பேனர் இருந்தது. டேங்கை ஒட்டித்தான் பேட்டரி இருக்கிறது. அவள் பேட்டரி வயரைக் கழற்றிப்போட்டு, பக்கத்திலேயே காவல் நின்றிருக்கிறாள்.

பக்கிரிசாமி மெதுவாக எழுந்தார். படியேறினார். உருளையை ஓடவிடும் லீவர் முன்னுக்குத் தள்ளியபடியே இருந்தது. தான் அதைப் பின்னுக்குத் தள்ளாமலே இறங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தள்ளினார். கலியமூர்த்தியின் விரல்களுக்கு நடுவிலிருந்து சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பொத்தானையும் மாட்டினார்.

கலியமூர்த்தியின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாமா, எம்மேல நம்பிக்க இல்லியா?"

பக்கிரிசாமி மச்சினனைக் கைபிடித்து இறக்கி, வரப்புவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மிச்ச வைக்கோலை அவரே பிடுங்கினார். பூங்கொடி வயரை மாட்டினாள். பின்னால் ஆள் இல்லை என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தூறல் விழுவதற்குள் வயல் முடிந்துவிட்டது. நெல் வண்டியேறியது. முதலாளி போனில் வந்தார். இந்தத் தடவை பூங்கொடி குரலைத் தணிக்கவில்லை.

"புது வண்டிய அவருக்கே குடுத்துரலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பக்கிரிசாமிக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கிழிந்த சட்டைக்கையைச் சுருட்டி விட்டுக்கொண்டார். சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததை அப்போதுதான் கேட்டார்.

"இப்பவாவது எம்மேல இருந்த சந்தேகம் போச்சாம்மா?"

"அதெப்படிங்கண்ணா போகும்? இந்தூர்ல எனக்கு ஒத்தாச பண்ணணும்னு நெனைக்கிறவரு நீங்க ஒருத்தருதானே."