சப்பரமாகப் போன கல்யாணக் கார்

ஓணாம்பாறைக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னால் மட்டும் சிரித்துவிடாதீர்கள். எதற்குச் சிரித்தாய் என்று ஊர்க்கூட்டம் போட்டு மூன்று நாள் யோசிப்பார்கள்.

அந்த ஊரில் சாமி சப்பரம் தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவர் சடையாண்டி. அவர் மகள் செல்லக்கிளிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பக்கத்து ஊர் மண்டபத்துக்குப் பெண் காரில் போய் இறங்க வேண்டும். ஊரில் இருந்தது ஒரே கார், பெண்ணின் தாய்மாமன் உத்திராபதியுடையது. அவர் அப்பா காலத்து வண்டி. முன்பக்கம் தொய்ந்துபோய், வழியில் எலுமிச்சம்பழம் கிடந்தாலும் ஏறிக் குதிக்கும்.

பரிசம் போட வந்தபோது அதில் ஏறிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, இறங்கியதும் கொண்டையைத் தேடினாள். பின்சீட்டில் கிடந்தது. "கல்யாணத்தன்னிக்கு எம் மருமக தலையில ஒரு பூ உதிர்ந்து வந்தாலும் சரி, மணவறையில ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்கு ஓடி மெக்கானிக் காஜா பாயைப் பிடித்தார். பாய் வெளியூர் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். கடைக்கு ஆள் அனுப்பி, இரண்டு புது ஸ்பிரிங்கை வரவழைத்துக் கொடுத்தார்.

"பழசைக் கழட்டிட்டு இந்த ரெண்டையும் முன்னாடி போடுங்க. சப்பரம் தூக்குற உங்களுக்கா விளக்கணும்? பள்ளம் வந்தா தோளை நிமித்துறீங்க, மேடு வந்தா தாழ்த்துறீங்க. சாமி குலுங்குதா? இல்லேல்ல? காருக்கு ஸ்பிரிங்தான் தோள். மாட்டினதும் பானெட்டு மேல டம்ளர் நிறையத் தண்ணி வச்சு ஓட்டிப் பாருங்க. சொட்டு சிந்தக் கூடாது."

பஸ் வந்துவிட்டது. பாய் போய்விட்டார்.

எட்டுப் பேரும் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தோள்தான் வேலை செய்யணும்னா, நம்மகிட்டயே பதினாறு தோள் இருக்கே. இந்த இரும்பு எதுக்கு?" என்றார் வெள்ளைக்கண்ணு. கூட்டத்தில் அவர்தான் அறிவாளி.

சடையாண்டி ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுருண்டு வட்டமா இருக்கு. பாரத்துக்கு அடியில வைக்கிற சும்மாடுப்பா இது!"

"இரும்புல சும்மாடா?"

"தூக்கப் போறது என்ன, பஞ்சு மூட்டையா? இரும்புக் காருக்கு இரும்புச் சும்மாடு."

எல்லாரும் பாயின் புத்தியை மெச்சினார்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றினார்கள். சப்பரத்துக்கு ஏது சக்கரம் என்று முன்சக்கரம் இரண்டையும் கழற்றி டிக்கியில் பத்திரப்படுத்தினார்கள். கோயில் சப்பரக் கம்பை முன்பக்கம் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெண் ஏறினாள். டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். எட்டுப் பேரும் "ஓஹோ!" என்று தூக்கினார்கள். முன்னிரண்டு பேர் தோளில் ஸ்பிரிங் கிடந்து கிறீச்சிட்டது. காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"அப்பா, மல்லாக்கக் கிடக்கேன்! கொண்டை நசுங்குது!" என்று உள்ளிருந்து செல்லக்கிளி கத்தினாள்.

சடையாண்டி பதறிப்போனார். "பூ உதிரும் முன்னே இறங்கிரு தாயி. நீ முன்னால பையப் பைய நட. கார் குலுங்காம உன் பின்னாடியே வரும்."

அவள் நடந்தாள். கார் பின்னால் வந்தது. ஸ்டார்ட் பண்ணாத கார் கல்யாணக் கார் ஆகுமா என்று உத்திராபதி கியரைப் போட்டார். பின்சக்கரம் தள்ளியது. தூக்கியவர்கள் குதிகால் பிடரியில் பட ஓடினார்கள்.

"மெல்ல மச்சான்! உசிரு போகுது!"

"நீங்க மெல்ல ஓடுங்க அத்தான்! உங்க வேகத்துக்கு ஓட்ட எனக்குக் கை வலிக்குது!"

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். முதலில் மருமகளின் தலையைத்தான் பார்த்தாள். ஒரு மல்லிகை அசையவில்லை. மூக்கில் விரலை வைத்தாள்.

"அதே காரா சம்பந்தி?"

"அதே கார்தான். ஸ்பிரிங் மட்டும் புதுசு" என்று மூச்சு வாங்கினார் சடையாண்டி. சந்தேகம் இருந்தால் டம்ளரைப் பார்க்கச் சொன்னார். டம்ளர் காலியாக இருந்தது.

சடையாண்டி டம்ளரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "தண்ணி எங்கேடா?"

"சிந்திரக் கூடாதுன்னு கிளம்புறப்பவே குடிச்சுட்டேன்" என்றார் வெள்ளைக்கண்ணு. வயிற்றைத் தட்டியும் காட்டினார். "முழுசா இருக்கு. சொட்டுக் குறையலே."

அந்த அம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. பெண்ணுக்கு ஒரு சுற்று, காருக்கு ஒரு சுற்று ஆரத்தி எடுத்தாள். மணவறையில் ஏற்றினாள். தாலி ஏறியது. "இனி எங்க வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் இந்தக் கார்தான். எம் மகனும் இதுலயேதான் வீட்டுக்கு வரணும்" என்றாள்.

மாப்பிள்ளை பெருமையாக ஏறினார். கார் எழும்பியது. ஏறிய வேகத்திலேயே கவிழ்ந்த தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மனைவி பக்கத்தில் போய் நின்றார். இருவரும் கைகோத்து வெயிலில் நடந்தார்கள். பின்னால் எட்டுப் பேர் தோளில் வெறுங்கார் ஒரு குலுக்கல் இல்லாமல் வந்தது.

பாதி வழியில் உத்திராபதிக்குப் பொறுமை போய்விட்டது. ஹாரனை அமுக்கிப் பிடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யாரும்மா அது, நடுரோட்டுல ஜோடி போட்டு நடக்குறது? ஓரம் போங்க! பொண்ணு மாப்பிள்ளை கார் வருதுல்ல!"

செல்லக்கிளியும் அந்த ஊர்ப் பெண்தானே. புருஷனை வெடுக்கென்று ஓரத்துக்கு இழுத்தாள். கார் தாண்டிப் போகும்வரை இரண்டு கையையும் கூப்பி நின்றாள்.