சங்கிலியில் தொங்கிய சின்ன நிலா

வானத்தில் இரண்டு நிலா இருந்த உலகம் அது. ஏழ்துறை என்ற கடற்கரை நாட்டில் சின்ன நிலாவைப் பார்த்துத்தான் படகுகள் கரை திரும்பும். அந்த நாட்டு அரசன் வன்பரிதிக்கு அதன் மேல் ஆசை வந்தது. நிலாவைச் சங்கிலி போட்டு இழுத்துத் தன் சபையில் தொங்கவிட்டான். அன்றைக்குக் கடலில் இருந்த படகுகள் திரும்பவில்லை. ஒன்றில் கயலியின் கணவன் இருந்தான். கயலி அரண்மனையில் விளக்குத் துடைப்பவள்.

சபைக்கு வந்த நிலா கரிச்சட்டி மாதிரி இருண்டுவிட்டது. அரசன் கயலியைக் கூப்பிட்டான்.

"பொழுது சாய்வதற்குள் இது ஒளிரணும். இல்லேன்னா உன் தலை இருக்காது."

கயலி துடைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மகாராசா, அண்ணாந்து பார்க்க ஆள் இருந்தால்தான் இது ஒளிரும். இங்கே எல்லாரும் உங்கள் முன்னால் தலை குனிந்தே நிற்கணும் என்று சட்டமாச்சே?"

"சட்டத்தை விடு. எல்லாரும் நிமிருங்கள்!"

நிமிர்ந்தார்கள். நிலா பளீரென்று ஒளிர்ந்தது. அரசன் இருமினான், செங்கோலைத் தட்டினான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இதை வெளியே தள்ளு!" என்று கத்தினான்.

"எவ்வளவு தூரம், மகாராசா?"

"இனி எவனும் இழுத்து வர முடியாத தூரம்!"

கயலி சங்கிலியைக் கழற்றிவிட்டாள். சின்ன நிலா வானத்துக்கே ஏறிப் போனது.

படகுகள் ஒவ்வொன்றாகக் கரை வந்தன. அவள் கணவனின் படகு மட்டும் இன்னும் வரவில்லை. பெரிய நிலா நேரத்துக்கு மறைந்துவிடும். சின்ன நிலா மறைவதே இல்லை. கரையில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும்போது, அது எப்படிப் போகும்?