வயிற்றுக்கு மாத்தாள் போன கதை

மொட்டைப்பனையூருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நீங்க எதுக்கு இந்த வெயில்ல அலையணும்?" என்று உங்களை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, உங்களுக்குப் பதிலாக அவர்களே ஊருக்குள் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "ஊரு நல்லாத்தான் இருக்கு, நீங்க கெளம்புங்க" என்பார்கள். நல்ல மனசுக்காரர்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எல்லாம் மாத்தாள் வழக்கத்தால் வந்தது. அங்கே கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. இன்றைக்கு உன் வயலில் நான் நாற்று நட்டால், நாளைக்கு என் வயலில் நீ வந்து நட வேண்டும். இதுவரைக்கும் சரி, பல ஊரிலும் உள்ளதுதான். ஆனால் மொட்டைப்பனையூரில் இது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் எல்லை போட்டு வைக்கவில்லை. ஒருவனுக்கு முடி வெட்டிக்கொள்ள நேரமில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரன் போய் வெட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

இந்த ஊரில்தான் வெயிலுமுத்து இருந்தான். ஆள் ஒல்லி, நாக்கு மட்டும் ராட்சச நாக்கு. மூக்கு நுனியில் வியர்வை அரும்பி, காது இரண்டும் இரைந்தால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அவன் மனைவி பூவம்மா குழம்புக்கு மிளகாய் வத்தல் அரைக்கிற நேரத்தில் அந்தத் தெரு நாய்கள் தும்மிக்கொண்டே போகும். வெயிலுமுத்து அந்தக் குழம்பைச் சோறு தெரியாமல் ஊற்றிப் பிசைந்து, கடித்துக்கொள்ள இரண்டு பச்சை மிளகாயும் கேட்பான். கண்ணீர் தாரை தாரையாக வழியும். "இன்னைக்குக் கொஞ்சம் சப்புனு இருக்கு பூவு" என்பான்.

வயிறு எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? ஒரு நாள் எரிய ஆரம்பித்தது. நெஞ்சுக்குக் கீழே யாரோ அடுப்பு மூட்டிவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி இருக்கிறது என்றான்.

அவனுக்கு மூன்று சேக்காளிகள். கொம்பையா வயதில் மூத்தவர், விரல்விட்டுக் கணக்குப் போடுவார், அதனால் ஊரில் அவருக்கு மூளைக்காரர் என்று பெயர். சங்கிலி எதையும் உடனே செய்கிறவன். ஆவுடை எதையும் படுத்துக்கொண்டே செய்கிறவன். மூன்று பேருமாக வெயிலுமுத்துவை வண்டியில் ஏற்றி, பக்கத்து டவுனில் இருந்த சிதம்பரநாத வைத்தியரிடம் கொண்டுபோனார்கள்.

வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெயிலுமுத்து "ஐயோ" என்றான்.

"உள்ள புண்ணாக் கெடக்கு. பத்து நாளைக்கு நான் சொல்றதைச் செய்யணும். காரமில்லாத கஞ்சி குடிச்சிட்டு, இடதுபக்கமாச் சாஞ்சு படுக்கணும். எரியும்போதெல்லாம் மோர் குடிக்கணும். சாப்பிட்டு முடிச்சா குளத்தங்கரை வரைக்கும் மெதுவா நடந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

வெயிலுமுத்துவுக்கு ஒரே ஒரு கவலைதான். பத்தாவது நாள் ஊரில் பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழா. மத்தியானம் கிடாக்கறிக் குழம்பு. ஊரில் உள்ள வீடுகளிலெல்லாம் ஆளுக்கொரு படி வத்தல் வாங்கி, ஒன்றாகக் கொட்டி இடித்து வைக்கிற குழம்பு. வருஷத்தில் மற்ற நாட்களை எல்லாம் அவன் அந்த ஒரு நாளுக்காகத்தான் கழித்துக்கொண்டிருந்தான்.

"கொடைக் குழம்பு திங்கலாமாய்யா?" என்று கேட்டான்.

"கொடையன்னைக்குக் காலையில நானே வந்து அமுக்கிப் பாப்பேன். எரிச்சல் போயிருந்தா தாராளமாத் தின்னு. போகலேன்னா தொடக்கூடாது. மீறித் தொட்டியோ, ஆயுசுக்கும் கஞ்சிதான்."

ஆயுசுக்கும் கஞ்சி என்றதும் வெயிலுமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்புகிற வழியெல்லாம் வண்டியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான்.

கொம்பையா விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். "வைத்தியர் மூணு வேலை சொல்லியிருக்காரு. கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கது ஒண்ணு. மோர் ஒண்ணு. நடை ஒண்ணு. நாம எத்தனை பேருலே?"

"நாலு பேரு அண்ணாச்சி" என்றான் சங்கிலி.

"வயிறு எரியுதவனை விட்டுட்டு எண்ணு."

"மூணு."

"பாத்தியா? மூணு வேலை, மூணு ஆளு. வைத்தியரு நம்மளைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்காரு."

"அப்ப நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?" என்று வெயிலுமுத்து கேட்டான்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ நோயாளிலே! நோயாளியைப் போயி எவனாவது வேலை வாங்குவானா? நீ எப்பவும் போல தின்னுட்டுச் சும்மா இரு."

இப்படிப்பட்ட சேக்காளிகள் யாருக்கு வாய்க்கும் என்று வெயிலுமுத்துவுக்கு மறுபடியும் கண் கலங்கியது. அன்றைக்கே மூன்று பேரும் வேலையைத் தொடங்கினார்கள்.

ஆவுடை கஞ்சி குடித்துவிட்டு இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்தான். அந்த வேலை அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. சங்கிலி மோர்ப்பானையோடு வெயிலுமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்தான். வெயிலுமுத்து குழம்புச் சோற்றை ஒரு வாய் வைத்து "எரியுது" என்பான். சங்கிலி ஒரு மடக்கு மோர் குடிப்பான். இரண்டு நாளில் சங்கிலியின் வயிறு தவிலாகிவிட்டது. வெயிலுமுத்து வயலுக்குப் போன நேரத்தில்கூட விடவில்லை. அவன் வரப்பில் நின்று "எரியுதுலே!" என்று கத்துவான். ஊருக்குள் இருந்து "குடிச்சாச்சு!" என்று பதில் வரும்.

கொம்பையாவின் பாடுதான் திண்டாட்டம். மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். அவர் அப்படியே நடந்தார். ஒரு காலை எடுத்து வைத்து, அது தரையில் நன்றாகப் படிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பார். குளத்தங்கரை போய்த் திரும்புவதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கும் ஒரு நடை பாக்கி விழுந்துவிடும்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, வெயிலுமுத்து வழியில் அவரைப் பார்த்தான். "இப்ப எந்தச் சாப்பாட்டுக்கு நடக்கீங்க அண்ணாச்சி?"

"செவ்வாக்கெழமை மத்தியானச் சோத்துக்கு. நீ கொஞ்சம் கொறைச்சுத் தின்னா என்னலே? என்னால பிடிக்க முடியல."

இவ்வளவு பாடுபட்டும் எரிச்சல் குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. ஏழாம் நாள் காலையில் வெயிலுமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்தில் வந்து உட்கார்ந்தான். கொடைக்கு இன்னும் மூன்றே நாள். கறிக்குழம்பு கைநழுவிப் போகிற பயத்தில் அவன் முகம் செத்துக் கிடந்தது. மூன்று பேரும் கூடி யோசித்தார்கள்.

"நம்மள்ல யாரோ ஒருத்தன் வேலையை ஒழுங்காப் பாக்கல" என்றார் கொம்பையா.

"நான் சொட்டு மோர் சிந்தல" என்றான் சங்கிலி.

"நான் எந்திரிக்கவே இல்ல" என்றான் ஆவுடை.

கொம்பையா ஆவுடை பக்கம் திரும்பினார். "ஏலே, நீ எங்கன பாத்துப் படுக்கே?"

"மேக்க பாத்து."

"வெயிலுமுத்து எங்கன பாத்து உக்காந்து திங்கான்?"

"கெழக்க பாத்து."

"அங்கதான் தப்பு! நீ மேக்க பாத்தா உன் இடது கை தெக்க இருக்கும். அவன் கெழக்க பாத்தா இடது கை வடக்க இருக்கும். இத்தனை நாளும் நீ அவன் வலதுபக்கமாப் படுத்திருக்க. பெறகு எப்படிலே புண்ணு ஆறும்?"

ஆவுடைக்கு வெட்கமாகிவிட்டது. வெயிலுமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து வெயிலுமுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆவுடையிடம் ஓடிவந்து சொல்வதற்குப் பூவம்மாவை ஏற்பாடு செய்தார்கள். அவளும் மூன்று நாளாக வாசலுக்கும் வயலுக்கும் ஓடி, "வடக்க திரும்பிட்டாக! இப்ப தெக்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடை பாயில் செக்கு மாதிரி சுற்றினான்.

கொடையன்று காலையில் வைத்தியர் சைக்கிளில் வந்து இறங்கினார். கோயில் மைதானத்தில் கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது. வத்தல் நெடியில் வைத்தியர் நாலு தும்மல் தும்மிவிட்டு வெயிலுமுத்துவைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். அவன் போட்ட சத்தத்தில் மேளக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டார்.

"நான் சொன்னபடி செஞ்சியா இல்லியா?"

"ஒண்ணு விடாம நடந்திருக்குய்யா. வேணும்னா மருந்து போன வயித்தைப் பாருங்க" என்று கொம்பையா சட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் சங்கிலி, சங்கிலிக்குப் பின்னால் ஆவுடை.

வைத்தியர் மூன்று வயிற்றையும் அமுக்கினார். ஆவுடையின் வயிறு மாதிரி ஆரோக்கியமான வயிற்றை அவர் தம் தொழிலில் பார்த்ததில்லையாம். விவரத்தைக் கேட்டதும் அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து ஒரு கத்துக் கத்தினார்.

"இன்னைக்குக் குழம்பைத் தொடக்கூடாது! காரமில்லாம எண்பது வேளை! எண்பது வேளைச் சாப்பாடு, ஒரு மிளகா விதைகூட இல்லாம முடியணும். முடிஞ்சப்புறம் நீ குழம்புல குளிச்சாலும் நான் கேக்கமாட்டேன்!"

வைத்தியர் தொண்டை வறண்டு போய், ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வெயிலுமுத்து குழம்புக் கொப்பரையைப் பார்த்தான். ஆவி பறந்துகொண்டிருந்தது. நாளுக்கு இரண்டு வேளைச் சோறு; எண்பது வேளை என்றால் நாற்பது நாள். அவனுக்கு உலகமே இருண்டுவிட்டது. தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழாதலே" என்றார் கொம்பையா. "வைத்தியருக்கு ஏன் கோவம்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆள் பத்தல. ஊரு வயலை மூணு பேரு அறுத்தா என்னைக்கு முடியும்?"

"முடியாது" என்றான் சங்கிலி.

"எண்பது வேளையை ஒருத்தன் பாத்தா நாப்பது நாளு ஆகும். எண்பது பேரு ஆளுக்கு ஒரு வேளை பாத்தா?"

மூன்று பேரும் விரல்களை மடக்கினார்கள். விரல் போதாமல் வெயிலுமுத்துவும் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் கொடுத்தான்.

"ஒரே வேளைதான் அண்ணாச்சி!" என்று கூவினான் ஆவுடை. வாழ்நாளில் முதல் தடவையாகத் துள்ளிக் குதித்துவிட்டான்.

ஊரில் மொத்தம் எண்பத்தோரு தலை. வெயிலுமுத்துவைக் கழித்தால் சரியாக எண்பது. கைக்குழந்தைகள் எப்படியும் காரம் தின்னாதே, அதுகளைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு விவாதம் வந்தது. "அதுக பழகின ஆளுக, வேலை இன்னும் சுத்தமா இருக்கும்" என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார்.

பூவம்மா மட்டும் கரண்டியோடு தயங்கி நின்றாள். விடியக்கருக்கலில் இருந்து அந்தக் குழம்பைக் கிண்டியவள் அவள்தான். "அப்ப நானும் ஒரு துண்டு திங்கக்கூடாதா?"

"நீ தின்னா ஒரு வேளை கொறையும் தாயி. ஒன் புருசனுக்கு ஆயுசுக்கும் கஞ்சி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை வைத்துவிட்டாள். மாத்தாள் என்று கேட்டபிறகு மறுக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

மத்தியானம் முதல் பந்தி போட்டார்கள். வெயிலுமுத்து நீங்கலாக ஊரே உட்கார்ந்தது. எண்பது இலையிலும் உப்புக்கஞ்சி. கிடாக்கறி வாசனை மூக்கைத் துளைக்க, ஒரு முனகல் இல்லாமல் எல்லாரும் கஞ்சியை உறிஞ்சினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு மடக்கு மோர். பிறகு குளத்தங்கரை வரைக்கும் மெதுவாக நடந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அந்த வேலையை அனுபவஸ்தர் என்று கொம்பையாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, மீதிப் பேர் மைதானத்தில் இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்தார்கள். வெயிலுமுத்து உட்காரப்போகிற பக்கம் பார்த்துத்தான் படுத்தார்கள். அதில் தப்பு வரவிடவில்லை.

இரண்டாம் பந்தியில் ஒரே ஒரு இலை. வெயிலுமுத்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். பூவம்மா மலைபோல் சோறு போட்டு, சிவக்கச் சிவக்கக் குழம்பை ஊற்றிவிட்டு, ஓடிப்போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டாள். வெயிலுமுத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டான். நாற்பது நாளை ஒரே மத்தியானத்தில் தாண்டிவந்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவது உருண்டை உள்ளே போனதும் அவன் முகம் குழம்பு நிறத்துக்கு வந்தது. வயிற்றுக்குள் கொப்பரையே கவிழ்ந்த மாதிரி இருந்தது. காது அடைத்தது. கண் பிதுங்கியது.

"தண்ணி! தண்ணி!" என்று அலறினான்.

சத்தம் கேட்டு வைத்தியர் கண்விழித்தார். மைதானம் முழுக்க மனிதர்கள் சாய்ந்து கிடப்பதையும், நடுவில் வெயிலுமுத்து துடிப்பதையும் பார்த்தார். குடித்தது போக மீதித் தண்ணீர் இருந்த சொம்போடு பதறிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் சங்கிலி அவரை மறித்தான்.

"ஐயா, நீங்க வெளியூரு. நீங்க செரமப்படக்கூடாது" என்று சொம்பைப் பிடுங்கி, அண்ணாந்து மடமடவென்று தானே குடித்துவிட்டான். அதற்குள் மைதானமே எழுந்துவிட்டது. கோயில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அடித்துப்பிடித்து, ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்கள். குழந்தைகளுக்குப் பாலாடையில் புகட்டினார்கள். குளத்தங்கரைப் பாதையில் கொம்பையாகூட நின்ற இடத்திலேயே குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கவலையோடு வெயிலுமுத்துவைச் சுற்றி நின்றார்கள்.

"இப்ப எப்படிலே இருக்கு?" என்று ஆவுடை கேட்டான்.

வெயிலுமுத்து கண்ணீரும் வியர்வையுமாக அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தான். தனக்காக ஒரு ஊரே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நிற்பதைக் கண்டு அவன் நெஞ்சு விம்மியது. மூன்றாவது உருண்டையை உருட்டிக்கொண்டே சொன்னான்:

"கொஞ்சம் பரவால்ல. ஆளுக்கு இன்னொரு சொம்பு குடிச்சீங்கன்னா சரியாப்போயிரும்."