ஆறு மணிக்கு அறுந்த டவுன்லோடு

இதில் கெட்டவர் எவருமில்லை. ஆகவே நிதானமாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் ஞானராஜ் என்றொருவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜெபக்கனி கணக்கு டீச்சர். ஐந்து மாதத்துக்கு முன் இறந்துபோனாள். ஊரடங்கு நாட்களில் சமையலறைச் சுவரில் கரும்பலகை மாட்டி அவள் எடுத்த பாட வீடியோக்கள் எல்லாம் பள்ளிக்கூடம் கொடுத்த இணையக் கணக்கில் இருந்தன. பாடத்தின் நடுவே திரும்பி, "ஏங்க, மூணு விசில் ஆயிட்டு, அடுப்பை அணைங்க" என்பாள். அவள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்தக் கணக்கைச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது.

மொத்தமும் ஒரே மூட்டையாகத்தான் இறங்கும். பதினான்கு மணி நேரம் ஆகும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஞானராஜ் தினமும் காலை ஜெபம் முடித்து ஐந்து மணிக்குத் தொடங்குவார். பகலெல்லாம் ஒழுங்காக வரும். மாலை ஆறு மணிக்கு வேகம் விழுந்து, சற்று நேரத்தில் அறுந்துபோகும். இரவில் மோடம் உட்பட எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அது ஜெபக்கனி வைத்த சட்டம்.

வியாழன் மாலை, இணைப்பு கொடுத்த முத்துக்குட்டி வந்தான். பீரோவுக்குப் பின்னாலிருந்த மோடத்தை எடுத்து மேசையில் வைத்தான். அணைத்துப் போட்டான். வயரை நேராக லேப்டாப்பில் செருகிப் பார்த்தான். பிறகு தன் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்தான்.

"லைன்ல கோளாறு இல்ல சார். உங்க போன், லேப்டாப்பு, டிவி. நாலாவதா ஒரு போன் உட்கார்ந்து இழுக்கே, அது யாரு? விருந்தாளியா?"

ஞானராஜுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். புருஷன் விட்டுப் போனவள். பகலில் தையல் கடை; மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை அரசு வேலைத் தேர்வுக்கு ஆன்லைன் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஜெபக்கனி அவளிடம் சொல்லியிருந்தாள்: "நீ பரீட்சை எழுதுற வரைக்கும் பாஸ்வேர்டை மாத்த மாட்டோம் தாயி."

"மாத்திருவோமா சார்? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்டே. அது பக்கத்து வீட்டு இசக்கி. என் வீட்டுக்காரி அவளுக்குக் குடுத்த வாக்கு."

"அப்போ பெரிய பிளானுக்கு மாறுங்க. ஆனா திங்கக்கிழமைதான் வேகம் கூடும்."

டவுன்லோடுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகிற வழியில் மதில் பக்கம் நின்று இசக்கியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

வெள்ளி காலை ஐந்துக்கு ஞானராஜ் மறுபடி தொடங்கினார். மாலை ஐந்தரை வரை அறுபடவில்லை. தன்னால் அவள் வகுப்பும் திக்கித் திக்கித்தானே வரும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அன்று அவளுக்குக் கடைசி வகுப்பு. எப்படியும் ஆறு மணிக்கு அறுந்துபோவதுதான். அவரே நிறுத்தினார்.

சனி பகல் பள்ளி அந்தக் கணக்கை மூடியது.

திங்களன்று இசக்கி வாசலில் வந்து நின்றாள்.

"சார், டீச்சர் வீடியோ எல்லாம் வந்துட்டா?"

"நீ வகுப்பு பாத்தியாம்மா?"

"இல்ல சார். வெள்ளிக்கிழமை என் போன்ல வைஃபையை அணைச்சுட்டேன். நீங்க இறக்கணும்லா."

"நான் உனக்காக நிப்பாட்டிட்டேன்."

அந்த மாலை மூன்று மணி நேரம் இணைப்பை யாருமே பயன்படுத்தவில்லை. கடைசி வகுப்பில் நடத்தியதிலிருந்து வந்த நான்கு கேள்விகளை இசக்கி எழுதாமல் விட்டிருந்தாள். தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது, இரண்டு மதிப்பெண் குறைந்து, அவள் எண் அதில் இல்லை.

வாக்கைக் காத்த ஞானராஜ், அதை வெளியே சொன்ன முத்துக்குட்டி, வகுப்பை விட்டுக்கொடுத்த இசக்கி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் நல்லதைத்தான் நினைத்தார்கள், ஒருவர் செய்ததும் சரியில்லை. உனக்கு எந்த நேரம் வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்கவேயில்லை. வகுப்பு இரவு ஒன்பதுக்கு முடிகிறது. வெள்ளி இரவு ஒன்பதுக்குத் தொடங்கி, மோடத்தை அணைக்காமல் விட்டிருந்தால், சனி காலை பதினொன்றுக்கு எல்லாம் இறங்கியிருக்கும். அவளும் வகுப்பைப் பார்த்திருப்பாள். பட்டியல் வந்த அன்று ஞானராஜ் விரல்விட்டு மணியை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இசக்கியிடம் சொல்லவில்லை. அது மட்டும் சரி.