தாளாளர் ஆடிய பல்லாங்குழி

வகுப்பறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பது தாளாளர் நல்லசிவத்தின் சட்டம். ஒருநாள் இரண்டாம் வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவர் பாய்ந்து வந்து பார்த்தால், பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள் தற்காலிக ஆசிரியை இசக்கியம்மாள்.

“கணக்கு நேரத்துல விளையாட்டா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்!”

வேலை போகும் நிலையிலும் அவள் குரல் பணிவாகவே வந்தது. “சரிங்கய்யா. இதுல என்ன கெடுதல்னு நீங்களே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துச் சொல்லிடுங்க. இனிமே போற இடத்துலயாவது திருந்திக்கிறேன்.”

கெடுதலைக் கண்டுபிடிக்கும் ஆவலில் தாளாளர் வேட்டியை மடித்துக்கொண்டு, பேச்சித்தாய் என்னும் சிறுமியின் எதிரே அமர்ந்தார். புளியங்கொட்டை நிறைந்த குழியில் கைவைத்தார்.

“அதை எடுக்காதீங்கய்யா, கடைசியில ஒண்ணும் கிடைக்காது,” என்றாள் சிறுமி.

“எனக்கே சொல்லித் தாரியா?” என்று அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனார். ஒன்றும் கிடைக்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். நீங்க கூட்டலையா?”

அதன்பின் தாளாளரும் கூட்டினார், விரல்விட்டுக்கூட எண்ணினார். மணி அடித்தது. இசக்கியம்மாள் பல்லாங்குழிப் பலகையை எடுக்கக் குனிந்தாள்.

“இரும்மா, இன்னும் ஒரே ஆட்டம்!”

“மணி அடிச்ச பிறகும் கணக்குப் பாடம் வேணும்னு நீங்களே அடம்பிடிச்சா, பிள்ளைகளை நான் எப்படிங்கய்யா அடக்குறது?”

தாளாளர் சிரித்துவிட்டார். “நாளைக்கு வாம்மா,” என்றார். கொட்டைகளைத்தான் கீழே வைக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, பிரம்புக்கு அஞ்சி அமரும் பிள்ளை மணிக்காகக் காத்திருக்கும். ஆவலால் அமரும் பிள்ளைக்கோ மணி அடித்ததே கேட்காது. நம் வகுப்பிலும் ஒருநாள் மணி கேட்காமற் போகட்டும்.