கண்ணாடியில் தெரிந்த டீசல் திருடன்

பல்லடத்து மில் முதலாளி ரங்கபூபதி யாரையும் நம்பமாட்டார். காரில் டீசல் சீக்கிரம் தீர்ந்தது. டிரைவர் செங்கோடன்தான் திருடி விற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டு, கார் எலெக்ட்ரீஷியன் ருக்குமணியைக் கூப்பிட்டார்.

"முன்கண்ணாடியில திருடன் மூஞ்சி தெரியற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு மாட்டு. இல்லேன்னா என் கட்டடத்துல உனக்குக் கடை கிடையாது!"

"மாட்டிடலாமுங்க" என்றாள்.

ருக்குமணி முன்கண்ணாடியில் பளபளப்பான தாள் ஒன்றை ஒட்டி, வேகமும் டீசல் அளவும் அதில் பச்சை எழுத்தில் ஒளிரும்படியும், அந்தக் கணக்கு தினமும் பதிவாகும்படியும் செய்தாள்.

பத்தாம் நாள் முதலாளி வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "எங்கே திருடன்?"

ருக்குமணி பதிவாகியிருந்த பத்து நாள் கணக்கை ஒளிரவிட்டாள். "தினமும் மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் வண்டி நிக்குதுங்க. ஆனா இஞ்சினும் ஏசியும் ஓடுதுங்க. டீசல் அப்பத்தான் போகுது. அந்நேரம் உள்ளே யாருங்க?"

"நான் வெளியே நிப்பேனுங்க" என்றான் செங்கோடன். "ஐயாதான் உள்ளே தூங்குவாருங்க."

"மூஞ்சி தெரியணும்னு சொன்னேனே, அது எங்கே?" என்று மீசை துடிக்க எகிறினார் முதலாளி.

ருக்குமணி எழுத்துகளை அணைத்தாள். "இப்பப் பாருங்க."

பளபளத்த தாளில் பெரிய மீசையோடு ஒரு முகம் அவரையே முறைத்தது.

அன்று மத்தியானம் முதலாளி வீட்டுக்குப் போய்த்தான் தூங்கினார். செங்கோடன்தான் கொண்டுபோய் விட்டான்.