கால் அரிக்கிற சுனை

அந்தக் காலத்தில் சுனைகளுக்குக் கால் இருந்தது. விலங்கும் பேசும், தண்ணீரும் பேசும். நம்பாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். எனக்கு நேரமில்லை.

மலைப்பாதையில் ஒரு சுனை. அடிமணலை எண்ணலாம், அத்தனை தெளிவு. ஆனால் ஓரிடத்தில் நிற்காது. பாறையடியில் இருக்கும், கையை நீட்டினால் நாவல் மரத்தடிக்குப் போயிருக்கும். குனிந்தவர் கையில் மண்தான்.

சடையாண்டியும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாவும் அந்த வழியாக உப்பு சுமந்து வந்தார்கள். ஒரே பானை. மாற்றி மாற்றிச் சுமை. அவர்களிடம் இருந்ததெல்லாம் அந்தப் பானைதான். சித்திரை வெயில். பாதி ஏற்றத்தில் சடையாண்டி சுருண்டு விழுந்தான்.

"ஏ புள்ள, தண்ணி" என்றான். அப்புறம் பேச்சில்லை.

ஒச்சம்மா பானையைப் பாறைமேல் இறக்கினாள். உருண்டைப் பானை, உருளப் பார்த்தது. தலையிலிருந்த கோரைப்புல் சும்மாட்டை எடுத்து அடியில் கொடுத்தாள். நின்றது.

பத்தடியில் சுனை. ஓடினாள். அது நகர்ந்தது. மறுபடி ஓடினாள். மறுபடி நகர்ந்தது. பாறையில் கிடந்த உடும்பு சிரித்தது.

"ஓடு தாயி, ஓடு! எங்கப்பன் துரத்தினான், நான் துரத்தினேன். இப்ப உன் முறை."

"பல்லைக் காட்டாதே. பிடிக்க வழி சொல்லு."

"தெரிஞ்சா நான் ஏன் பனியை நக்கிக்கிட்டுக் கிடக்கேன்?"

ஒச்சம்மா சுனையைக் கும்பிட்டாள். "ஒரு நிமிசம் நில்லு சாமி. என் ஆளு சாகக் கிடக்கு."

"நின்னா எனக்குக் கால் அரிக்கும்" என்றது சுனை. "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும். வழியை விடு."

அது மறுபடி பாறையடிக்கு வந்தது. ஒச்சம்மா பானையைப் பார்த்தாள். அதுவும் நிற்கத் தெரியாததுதான். சும்மாடு இருப்பதால் நிற்கிறது.

சும்மாட்டை உருவினாள். பானை உருண்டது. கீழே எங்கோ உடைந்தது. அவள் திரும்பவில்லை. சும்மாட்டைச் சுனைமேல் வீசினாள். அது வட்டமாக விழுந்து சுற்றிப் பிடித்துக்கொண்டது. சுனை இந்தப் பக்கம் முட்டியது, அந்தப் பக்கம் முட்டியது. முடியவில்லை.

"எடு!"

"என் ஆளு குடிச்சதும் எடுத்துடறேன்."

"வாக்கு?"

"வாக்கு."

முந்தானையை நனைத்து அவன் வாயில் பிழிந்தாள். கண் திறந்தான். தவழ்ந்து வந்து குடித்தான். ஒச்சம்மா சும்மாட்டை எடுக்கக் குனிந்தாள்.

"தாயி, நானு?" என்றது உடும்பு.

"சிரிச்சியே, இப்ப என்ன?"

"சிரிச்சது தப்புதான். நாக்கு ஒட்டுது."

அது குடித்தது. பின்னால் கேளையாடு குட்டியோடு நின்றது. அதற்குப் பின்னால் கீரி. அதற்குப் பின்னால் காட்டுக்கோழி. எல்லாம் முடியப் பொழுது சாய்ந்தது.

"இப்ப எடு" என்றது சுனை.

பாதை வெறிச்சென்று கிடந்தது.

"வாக்குக் கொடுத்துட்டியே புள்ள, எடுத்துடு" என்றான் சடையாண்டி.

சும்மாட்டில் கை வைத்தாள். கீழே, பாறையெல்லாம் வெள்ளையாக உப்பு கொட்டிக் கிடந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"பின்னால ஒருத்தர் வர்றார்" என்றாள். பச்சைப் பொய்.

"அவரோட முடிஞ்சுதா?" என்றது சுனை.

"முடிஞ்சுது."

இருவரும் விறுவிறுவென்று நடந்துவிட்டார்கள். அவர்கள் வளைவு தாண்டுவதற்குள் நிஜமாகவே ஒருவன் வந்தான். தேன் எடுக்கிறவன். வயிறு முட்டக் குடித்தான்.

"உனக்குப் பின்னால யாரும் இருக்காங்களா?" என்று சுனை கேட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு காலிப் பாதையைப் பார்த்தான்.

"இருக்காங்க."

அந்தச் சும்மாடு வேர் விட்டுவிட்டது. சுனையைச் சுற்றிக் கோரை வட்டமாக நிற்பது அதனால்தான். அடியில் மணல் ஓயாமல் துள்ளுகிறதே, அது சுனைக்குக் கால் அரிப்பது. அன்று தொட்டுத்தான், அங்கே குடிக்கிறவர்கள் ஒரு கோரையை முடிச்சுப் போட்டு, "பின்னால ஒருத்தர் வர்றார்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். இதுவரை அது பொய்யாகப் போனதில்லை.